பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்

தேவியின் வேலை போனதற்குக் காரணம் நான்தான். அவள் தவறான கட்டளையைத் தட்டியபோது நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தடுக்க முடிந்தும் தடுக்கவில்லை.

அன்று கறிக்கடைக்குப் போயிருந்தேன் என்று ஆபீசில் சொன்னேன்... பொய்! வீட்டில், லேப்டாப்புக்கு முன்னால், அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

உங்களுக்கு எங்கள் தொழில் தெரியாமல் இருக்கலாம். காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டு. உள்ளே வரும், வெளியே போகும் டிரெய்லர்களுக்கு கேட் பாஸ் கொடுக்கும் சர்வரைப் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. அதற்கென்று கட்டளைகளைத் தட்டும் திரை ஒன்று, டெர்மினல் செஷன் என்போம், எப்போதும் திறந்தே கிடக்கும். அது ஓடுவது சர்வரில். நீங்கள் லேப்டாப்பை மூடினாலும், கரண்ட் போனாலும் அது பாட்டுக்கு இருக்கும். வேண்டும்போது நம் லேப்டாப்பிலிருந்து அதில் வந்து ஒட்டிக்கொள்ளலாம்.

இரண்டு பேர் ஒட்டிக்கொண்டால் இரண்டு பேருக்கும் ஒரே திரை. தேவி எர்ணாவூர் குப்பத்து வீட்டில் உட்கார்ந்து தட்டுவது, ராயபுரத்தில் என் கண்முன் எழுத்தெழுத்தாக விழும். தப்பாகத் தட்டி அழிப்பதுகூடத் தெரியும்.

ஆபத்தான வேலை என்றால் ஒருவர் தட்ட வேண்டும், இன்னொருவர் பார்க்க வேண்டும். பார்ப்பவர் அதே திரையில் ‘சரி’ என்று தட்டிய பிறகுதான் என்டர். விதி அதுதான். ஆனால் நாளாக ஆக அந்தச் ‘சரி’ காணாமல் போயிற்று. தவறு என்றால் மட்டும் சொல்வோம். பேசாமல் இருந்தால் சரி என்று பொருள். இந்தச் சோம்பேறிப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்த புண்ணியவான் யார் என்கிறீர்கள்? நானேதான்!

தேவி வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. அப்பா காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவர். அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் பார்த்த முதல் ஆள் அவள்தான். கெட்டிக்காரி. என்னை வாய் நிறைய அண்ணா என்பாள். தெரியாததைக் கூச்சமில்லாமல் கேட்பாள். ஒருமுறை எரிச்சலில், எல்லாவற்றுக்கும் போன் பண்ணாதே என்று சிடுசிடுத்தேன். அதன்பிறகு அவள் போன் பண்ணவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, எல்லார் முன்னிலையிலும் மேனேஜர் என்னைப் பார்த்துச் சொன்னார்... “தேவிகிட்ட கொஞ்சம் கத்துக்கோங்க.” அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது! என்னைவிட எத்தனையோ வயது சின்னவள், நான் சொல்லிக் கொடுத்து வளர்ந்தவள்... அந்த ஒரு வாக்கியத்தை ஞாயிறுவரை மென்றுகொண்டே இருந்தேன்.

அந்த ஞாயிறு, சர்வரில் இடம் நிரம்பிவிட்டதால் பழைய பதிவுகளை அழிக்க வேண்டும். தட்டுவது அவள், பார்ப்பது நான். மனைவி சர்ச்சுக்கு, பூசைக்குப் போயிருந்தாள். வேலையைக் காரணம் காட்டி நான் வீட்டிலேயே நின்றுவிட்டேன்.

நான் ஒட்டிக்கொண்டதுமே அவளுக்குத் தெரிந்திருக்கும். என்னுடையது சின்ன லேப்டாப். நான் உள்ளே வந்தால் அவளுடைய பெரிய திரையும் என் அளவுக்குச் சுருங்கும், மிச்ச இடமெல்லாம் புள்ளிகளாக நிறையும். அண்ணன் வந்துவிட்டார் என்று நிம்மதியாகத்தான் வேலையைத் தொடங்கியிருப்பாள்.

அழிக்கும் கட்டளையைத் தட்டினாள். கட்டளை சரி. நின்ற இடம் தவறு! பழைய பதிவுகள் உள்ள கோப்புறைக்குப் போகாமல், அன்றாடப் பதிவுகள் உள்ள கோப்புறையிலேயே நின்றுகொண்டிருந்தாள். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவளுக்கும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். தட்டியதை அழித்துவிட்டு, இயந்திரம் கண்டுகொள்ளாதபடி முன்னால் ஒரு குறியைப் போட்டு, எனக்கு எழுதினாள்: “பாக்குறீங்களாண்ணா? இது ஓகேவா?”

என் விரல்கள் விசைப்பலகையின் மேல்தான் இருந்தன... ஒரே ஒரு எழுத்தைத் தட்டியிருந்தால் போதும், நின்றிருப்பாள். ஏன் தட்டவில்லை? கை மரத்துவிட்டதா? இல்லை. யோசித்துக்கொண்டிருந்தேனா? அதுவும் இல்லை. ‘கத்துக்கோங்க’ என்று சொன்னாரே, அவர் பார்க்கட்டும் என்று நினைத்தேன். இவ்வளவுதான் நான்!

அவள் காத்திருந்தாள். பிறகு கட்டளையை மறுபடி தட்டி, என்டரை அழுத்தினாள்.

அன்றாடப் பதிவுகள் அழிந்தன. கேட் நின்றது. டிரெய்லர்கள் எர்ணாவூர் வரைக்கும் வரிசைகட்டி நின்றன. டிரைவர்கள் வெயிலில் காய்ந்தார்கள். காப்புப் பிரதியிலிருந்து எல்லாவற்றையும் மீட்க மறுநாள் ஆயிற்று. மீட்டவன் யார்? நான்! மேனேஜர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

விசாரணையில் தேவி ஒன்றையும் மறைக்கவில்லை. அண்ணன் செஷனில் இருந்தார், கேட்டேன், பதில் வரவில்லை, அதனால் சரி என்று நினைத்தேன் என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செஷனைத் திறந்து வைத்துவிட்டுக் கறிக்கடைக்குப் போய்விட்டேன் என்றேன். யார் சந்தேகப்படுவார்கள்? ஆள் இல்லாமலே செஷன் திறந்து கிடப்பது எங்களுக்குப் பழகிப்போன சங்கதி.

தேவிகூட நம்பினாள். வெளியே வந்ததும் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள், தெரியுமா உங்களுக்கு? என்னிடம்!

“நான் போன் பண்ணிக் கேட்டுர்க்கணும்ணா. உங்களயும் சேத்து மாட்டிவுட்டேன்.”

‘சரி’ வராமல் என்டர் அழுத்தியது விதிப்படி தவறு. அவளை அனுப்பிவிடுவது என்று முடிவானது. அப்போது நான், புதுப் பெண், ஒரு வாய்ப்புக் கொடுக்கலாமே என்று முனகி வைத்தேன். எப்படியும் எடுபடாது என்று தெரிந்துதான் சொன்னேன். நல்லவனாக இருப்பதற்கு அன்று எனக்கு ஒரு பைசா செலவில்லை.

செய்த பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெற, குருவானவரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஞாயிறு பூசைக்குப் போகவில்லை என்று சொன்னேன். இதைச் சொல்ல வாய் வரவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் தேவியின் அப்பா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கடலிலிருந்து நேராக வந்திருந்தார். சட்டை இன்னும் ஈரம். கையில் பெரிய வஞ்சிரம். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

“பொண்ணு எல்லாம் சொல்லிச்சு சார். அத்தினி பேர் இருந்தும் நீங்க ஒர்த்தர்தான் அதுக்காகப் பேசினீங்களாமே. இத வூட்ல குடுங்க, காலையில புட்ச்சது.”

தேவி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாளாம். “கம்ப்யூட்டர் வேலைக்கு எய்திப் போடும்மான்னா, எனக்கு அந்த அறிவு இல்ல நைனாங்குது சார்” என்றார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கு அறிவு இருக்கிறது, எனக்குத்தான் மனசு இல்லை என்று... மீனை வாங்கிக்கொண்டேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மத்தியானம் மனைவி பொரித்து வைத்தாள். ருசியாக இருந்தது. இன்னொரு துண்டு வைக்கட்டுமா என்று கேட்டாள்.

வை என்றேன்.