ஏரியில் இறங்கியதற்கு ஒரு கடிதம்

துபாய்க்கு வெளியே, மணலைத் தோண்டி உண்டாக்கிய ஏரி அது. சுற்றிலும் வில்லாக்கள். கேட்டில் பாஸ் காட்டாமல் உள்ளே வர முடியாது. அங்கே படகுத்துறையைப் பார்த்துக்கொள்வது என் டூட்டி. படகைக் கொடுப்பது, திரும்ப வாங்குவது, லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவது, காற்று கூடினால் சிவப்புக் கொடி ஏற்றுவது. விதிகளை அரபியிலும் ஆங்கிலத்திலும் பெரிய பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். ஒரு படகில் நாலு பேர். எல்லோருக்கும் ஜாக்கெட். கொடி ஏறினால் படகு கிடையாது. யாரும் நீரில் இறங்கக்கூடாது.

நான் குமரிக் கடற்கரைக்காரன். இந்த வேலைக்கு முன் ஓமானில், சோஹாரில், எட்டு வருடம் விசா கொடுத்த கஃபீலின், அந்த அரபி முதலாளியின், படகில் மீன்பிடித்தவன். சொன்னால் சிரிப்பார்கள், கடலைவிட அந்த ஏரிக்குத்தான் எனக்குப் பயம். தண்ணீர் மணலுக்குள் இறங்காமலிருக்க அடியிலும் கரையிலும் தடித்த பிளாஸ்டிக் விரித்திருந்தார்கள். அதன்மேல் பாசி. உள்ளே விழுந்தவனுக்கு நீச்சல் தெரிந்தாலும் கரையேறக் கால் நிற்காது. பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. "இதென்ன, குளம் மாதிரி இருக்கு" என்பார்கள். ஜாக்கெட்டை வாங்கி மெத்தையாகப் போட்டு உட்காருவார்கள். நான் விசில் அடித்தால் எனக்குக் கையசைப்பார்கள்.

சூப்பர்வைசர் திருநெல்வேலிப் பக்கம், என்னைவிட வயதில் சின்னவர். "அண்ணாச்சி, நீங்க விசில் அடிச்சா எனக்கு ஆபீஸ்ல இருந்து போன் வருது. அவங்க வில்லா ஓனருங்க. பாத்து நடந்துக்கிடுங்க" என்பார். பாதுகாப்புப் படகின் பேட்டரி செத்து மூன்று மாதமாகியிருந்தது. எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் வடமேற்கிலிருந்து காற்று கிளம்பியது. கொடியை ஏற்றிவிட்டுப் படகுகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சென்னைக் குடும்பம் வந்தது. கணவன், மனைவி, மனைவியின் தம்பி, இரண்டு குழந்தைகள், அவர்கள் வீட்டில் வேலை செய்யும் பெண். அவள் மட்டக்களப்புப் பக்கத்துத் தமிழ்ப் பெண். தினமும் அந்தச் சின்னக் குழந்தையோடு நடைபாதையில் போவாள், என்னை அண்ணா என்று கூப்பிடுவாள்.

"சார், கொடி ஏத்தியாச்சு. இப்ப படகு இல்ல" என்றேன்.

"ஏம்ப்பா, தமிழா? நம்ம ஆளுதானே, கொஞ்சம் விடேன். பத்தே நிமிஷம்" என்றார் கணவர்.

"ஆறு பேரு இருக்கீங்க சார். நாலு பேருதான் ஏறலாம்."

அவர் போனை எடுத்தார். ஐந்து நிமிடத்தில் என் வாக்கி டாக்கியில் சூப்பர்வைசரின் குரல். "குடுத்து விட்ருங்க அண்ணாச்சி. ஒரு ரவுண்டுதான். கலாஸ், அவ்வளவுதான்."

குழந்தைகளுக்கு நானே ஜாக்கெட்டின் வார்களை இறுக்கினேன். பெரியவர்கள் கையில் வாங்கிக்கொண்டார்கள். வேலைக்காரப் பெண்ணிடம் ஒன்றை நீட்டினேன்.

"அவளுக்கு எதுக்கு? அதைப் போட்டுக்கிட்டா பாப்பாவைப் பிடிக்க முடியாது" என்றார் அந்த அம்மா. நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். அந்தப் பெண் ஓரத்து இருக்கையில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஏரியின் நடுவில் அந்த மனிதர் போட்டோ எடுக்க எழுந்து நின்றார். காற்று படகைப் பக்கவாட்டில் திருப்பியது. எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய, அந்தப் பெண்ணும் குழந்தையும் தண்ணீரில் விழுந்தார்கள். ஜாக்கெட் போட்டிருந்த குழந்தை அடுத்த நொடியே மேலே வந்தது. அப்பா அதன் காலரைப் பிடித்துத் தூக்கினார். அவள் வரவில்லை. ஒரு கை மட்டும் தெரிந்து மறைந்தது.

வாக்கி டாக்கியில் கத்தினேன். "செக்யூரிட்டிக்குச் சொல்லியாச்சு, வெயிட் பண்ணுங்க" என்று பதில் வந்தது. காத்திருக்கவில்லை, குதித்தேன். இரண்டாவது முறை முங்கியபோது அவள் சட்டை கையில் சிக்கியது. இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தால், நான் பயந்த அதே பாசி. முழங்கால் வழுக்குகிறது, விரல் பிடிக்க இடமில்லை. செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த இரண்டு பெங்காலிகள் ஓடிவந்து ஹோஸை எறிந்தார்கள். "பகடோ பாய், பகடோ!" அதைப் பிடித்துக்கொண்டதால் மேலே வந்தோம்.

அவளைக் குப்புறச் சாய்த்தேன். இருமி இருமித் தண்ணீரைக் கக்கினாள். கண்ணைத் திறந்து கேட்ட முதல் கேள்வி, "பாப்பா எங்க அண்ணா?"

படகு துறைக்கு வந்து சேர்ந்தது. அந்த மனிதர் இறங்கி நேரே என்னிடம் வந்தார். கையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். "நீ அப்பவே ஸ்ட்ராங்கா சொல்லியிருக்கணும்ப்பா" என்றார்.

மூன்றாம் நாள் ஆபீசுக்குக் கூப்பிட்டுக் கடிதம் கொடுத்தார்கள். இரண்டு குற்றங்கள். சிவப்புக் கொடி நேரத்தில் படகு கொடுத்தது, அனுமதியில்லாமல் ஏரியில் இறங்கியது.

"சார், நீங்கதானே குடுக்கச் சொன்னீங்க?"

சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அது எழுத்துல இல்லையே அண்ணாச்சி. கையெழுத்து போட்ருங்க. இதோட போகட்டும். நான் மேல பேசி வேலையைக் காப்பாத்தியிருக்கேன்."

நடந்தது முழுவதையும் அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அதை அங்கே வாசிக்க முடிந்தவர் அவர் ஒருவர்தான். வாசித்தார், மடித்தார், ஃபைலில் வைத்தார்.

அடுத்த வாரம் பலகையில் புதிதாக ஒரு வரி ஒட்டினார்கள். வீட்டுப் பணியாளர்கள் படகில் ஏறக்கூடாது. ஆறு பேர் ஏறியதற்கும், ஜாக்கெட் போடாததற்கும், எழுந்து நின்றதற்கும் யாருக்கும் ஒரு வார்த்தை இல்லை.

சில நாள் கழித்து அந்தப் பெண் குழந்தையோடு நடைபாதையில் வந்தாள். குரல் இன்னும் கட்டியிருந்தது.

"அன்னைக்கு உனக்கு நானே ஜாக்கெட்டப் போட்டு விட்டிருக்கணும்மா. என் தப்பு" என்றேன்.

"இல்ல அண்ணா. நீங்க தந்தீங்கதானே. நான்தான் வாய் திறக்கல்ல. மேடமும் அதத்தான் சொன்னாங்க, நீந்தத் தெரியாதுன்னு முதல்லயே சொல்லியிருக்கணுமாம்."

அவள் அதை மனதாரச் சொன்னாள். அவர்கள் அவளை நம்பவைத்துவிட்டார்கள். குழந்தை கையைப் பிடித்து இழுக்க, அவள் போனாள்.

அந்தக் கடிதத்தின்மேல் வந்த கோபம்கூட ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. அவள் சொன்னதன்மேல் வந்தது ஆறவில்லை.