கழுத்து மூடிய சட்டைகள்

தையல் கம்பெனியில் அவளுக்கு ‘தூங்குமூஞ்சி அக்கா’ என்று பெயர். பெயர் வைத்தவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? இருபது வருடமாக விடியுமுன் எழுந்து, சமைத்து, அரக்கப்பரக்க ஓடிவந்து மிஷினில் உட்காருகிறவள் முகத்தில் வேறு என்னதான் வழியும்? புத்தாண்டோடு வேலையை விட்டுவிடுவதாக இருந்தாள். மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. இனி அவளுக்கு ஒரே ஆசைதான்: அலுப்புத் தீரத் தூங்க வேண்டும்.

வருடக் கடைசியில் குழந்தைச் சட்டை ஆர்டர் வந்தது. தூக்கக் கலக்கத்தில் ஒரு கட்டுச் சட்டைக்குத் தோளோடு கழுத்தையும் சேர்த்துத் தைத்து மூடிவிட்டாள்.

சூப்பர்வைசர் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். “ஏம்மா, புள்ளைக்குத் தலையே கிடையாதா? லீவுல எல்லாத்தையும் பிரிச்சு எடுத்துட்டு வாங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்த வாயோடு குமட்டிக்கொண்டு வர, கழிவறைக்கு ஓடினாள்.

மாதவிலக்கு நிற்கிற வயசு, அதுதான் உடம்பு படுத்துகிறது என்று நினைத்திருந்தாள். டாக்டரம்மா வேறு கதை சொன்னார். “வச்சுக்கறதா வேணாமான்னு வீட்டுல கலந்து பேசிட்டு வாங்க.” நாற்பத்து மூன்று வயசில், கல்யாண வயசு மகளை வீட்டில் வைத்துக்கொண்டு! வெட்கக்கேடு.

லாரி ஓட்டும் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். “உன் உடம்பு. நீ சொல்றதுதான்.”

“இப்ப மட்டும் நல்லா பேசுங்க!” என்று எரிந்து விழுந்தாள்.

புத்தாண்டுக் காலையில் மகளிடம் சொல்லிவிட்டாள்.

“அசிங்கமா இல்லையாம்மா? ஆபீஸ்ல நான் எப்படி முகத்தைக் காட்டுவேன்?” மகள் அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள்.

அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. சட்டைக் கட்டை அவிழ்த்துத் தரையில் உட்கார்ந்து, சின்னக் கத்தியால் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். பிரித்த கழுத்து ஒன்றுக்குள் முஷ்டியை விட்டுப் பார்த்தாள். இத்தனூண்டு தலைதான் இருக்கும். பாழாய்ப்போன மனசு, எவ்வளவு களைத்தாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன் என்கிறதே! மகள் முகம் கொடுத்துப் பேசாமலே போய்விட்டால்? நினைக்கும்போதே கத்தி விரலைக் கிழித்தது.

கதவு திறந்தது.

“கொடு இங்க. கண்ணைத் திறந்து வச்சிருக்கவே முடியல, இதுல கத்தி வேற.” மகள் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்தாள்.

“வேணாம்னு சொல்ல வாய் வரலடி” என்றாள் அம்மா.

“தெரியுது. ராத்திரி புள்ள அழுதா நான் எழுந்திரிக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.”

“உன்னை யாருடி எழுந்திரிக்கச் சொன்னா?”

மகள் அடுத்த சட்டையை எடுத்தாள். “ஞாயித்துக்கிழமை மட்டும் நான் பாத்துக்கறேன். நீ தூங்கு.”

பதில் சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் மகள் தோளில் தலை சாய்ந்து கண் செருகிவிட்டது.