இறாலுக்கு ஒரு லிஸ்ட்

போன வருஷம் புரட்டாசி முடிந்த மறுநாள் அது. திருவொற்றியூர் ஸ்டேஷன் பக்கம் ரோட்டோரமாக இறால் விற்கிறவள் நான். ஒரு மாசமாகக் கவுச்சி தொடாத ஜனம் அன்றைக்குத்தான் பையோடு வரும். காத்திவாக்கத்திலிருந்து பெட்டி நிறைய வாங்கி வந்திருந்தேன்.

ஆனாலும் ரோட்டையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேஸ் அடுப்பை மூடினேனா என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்புகிற ரகம் நான். அதோடு, ஆடி மாசத்தில் கடைகளை அகற்ற வந்த மாநகராட்சி லாரி என் இறால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. மூன்றாம் நாள்தான் திருப்பிக் கொடுத்தார்கள். மூடியைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு நாற்றம். ஆபீசில் இருந்த ஒருத்தர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கலீஜு! தூக்கினு போமா" என்றார். என் சரக்கை அழுக விட்டவரும் அவர்தான், கலீஜு என்றவரும் அவர்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த ஆத்திரத்தில்தான் கிளை நூலகத்துக்குப் போனேன். ஏழாவதோடு நின்றவள். சட்டப் புத்தகத்தை வக்கீலுக்கு மட்டும்தான் காட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். எலுமிச்சம்பழம் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, ரேஷன் கார்டு, ஆதார், இரண்டு போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்த நூலக அம்மா சிரித்துவிட்டார். "படிக்கிறதுக்கு எதுக்கும்மா போட்டோ? உட்காருங்க."

சாலையோர வியாபாரிகள் சட்டம் தமிழில் மெலிசான புத்தகமாக இருந்தது. அரசாங்கமே எல்லாச் சட்டத்தையும் கம்ப்யூட்டரில் இலவசமாகப் போட்டிருக்கிறது என்றும் காட்டினார். எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒரு வாக்கியமே அரைப் பக்கம் ஓடுகிறது! நாலு மத்தியானம் ஆனது. அகற்றுவதற்கு முப்பது நாள் முன்னால் நோட்டீஸ் தரவேண்டுமாம். எடுத்துப்போகும் பொருளுக்கு லிஸ்ட் தரவேண்டுமாம். அழுகும் பொருள் என்றால், கேட்ட அன்றைக்கே திருப்பித் தரவேண்டுமாம். அந்த வரியை எத்தனை தடவை படித்தேனோ தெரியாது.

மூன்று பேப்பரில் எழுதிக்கொண்டேன். ஒன்று தொலைந்துபோனால்? வீட்டில் ஒன்று, சுருக்குப்பையில் ஒன்று, தராசுக்கு அடியில் ஒன்று.

பக்கத்தில் கருவாடு விற்கிற அக்கா விடவில்லை. "இன்னாமே, ஜட்ஜம்மா ஆயிட்டியா? லாரி வந்தா உன் பேப்பரு பிரேக் புடிக்குமா?"

நான் பயந்த மாதிரியே, புரட்டாசி முடிந்த அந்த மறுநாள் லாரி வந்தது. இறங்கின ஆள் என் பெட்டியில் கை வைத்தார். நான் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நோட்டீஸ் குடுத்தீங்களா சார்?"

"நோட்டீஸா? உனக்கா? எந்திரிமா."

"அப்போ லிஸ்ட் எழுதிக் குடுத்துட்டு எடுத்துனு போங்க. இறா ஆறு கிலோ, தராசு ஒண்ணு, ஐஸ் பெட்டி ஒண்ணு. எழுதுங்க."

"பேனா இல்ல."

"என்னாண்ட கீது."

பேப்பரை வாங்கிப் பார்த்தார். "எந்த வக்கீல் எழுதிக் குடுத்தான்?"

"நான்தான் எழுதினேன். லைப்ரரில கீது சார், நீங்களும் படிக்கலாம். போட்டோகூட வேணாம்."

கூட்டம் சிரித்தது. அவர் முகம் கறுத்து, லிஸ்ட் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டுப் பெட்டியையும் தராசையும் ஏற்றினார். அடுத்தது அக்கா கடை. அக்கா பதறிப்போய் என்னைப் பார்த்தாள். "ஏம்மே, கருவாடு அழுகிப் போவாதே! எனக்கு இன்னா சட்டம்?"

"ரெண்டு வேலை நாள்ல தரணும்கா. அதுவும் எழுதி கீது."

அவ்வளவுதான். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "எழுது நைனா! நெத்திலி, வாளை, காரப்பொடி மீனு. தனித்தனியா எழுது. கூடை ரெண்டு, ஒண்ணு ஓட்டை." அதற்கடுத்த பூக்கடை, கொய்யாப்பழ வண்டி, எல்லோரும் லிஸ்ட் கேட்டார்கள். என் பேனா கைமாறிக்கொண்டே இருந்தது. அந்த ஆள் எழுதி எழுதிச் சலித்து, பாதியிலேயே லாரியை எடுக்கச் சொன்னார்.

நான் நேராக மாநகராட்சி ஆபீசுக்குப் போனேன். "நாளைக்கு வாம்மா" என்றார்கள். "கட்டணம் இருந்தா கட்டுறேன். இது அழுகிப்போற பொருளு. இன்னிக்கே வேணும்" என்று பேப்பரை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மூன்றரை மணிக்குப் பெட்டியும் தராசும் வந்தன. பெட்டியைத் திறந்தேன். ஐஸ் பாதி கரைந்திருந்தது, இறால் விறைப்பாகவே இருந்தது. சாயங்காலம் அதே இடத்தில் உட்கார்ந்து அத்தனையும் விற்றேன்.

இன்றைக்கும் கேஸை மூடினேனா என்று வீட்டுக்கு ஓடுகிறவள்தான் நான். ஆனால் லாரிச் சத்தம் கேட்டால் ஓடுவதில்லை, பேனாவைத்தான் எடுக்கிறேன்.