கட்டின பில்

நான் வேலை பார்க்கும் கந்தோரில், எந்தக் காகிதத்தை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்று என்னிடம்தான் கேட்பார்கள். யோசிக்காமல் சொல்வேன். எங்கள் வீட்டுக் கரண்ட் பில்லைப் பற்றி மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். நாலாம் ஆண்டு படிக்கும்போதே, வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத் துண்டும் என்னைத் தாண்டிப் போகாது. அயல் வீட்டுக்கும் கேட்கும்படி வாசிப்பேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. கந்தோர்களில் அப்பாவின் பெயரைக் கேட்டாலும் என்னைத்தான் தொட்டுக் காட்டுவார். எங்கள் பக்கத்துப் பெண்கள் புருசனின் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள்.

அந்த வருசத்து மாரி மழையில் செட்டிபாளையத்தில் வாவித் தண்ணீர் எங்கள் வேலிவரை வந்தது. வடிந்த பிறகு சுவரில் கறையான் ஏறி, அம்மா காகிதங்கள் வைத்திருந்த அலுமாரித் தட்டைப் பிடித்தது. அம்மாவின் தம்பியான மாமா வந்து, எல்லாவற்றையும் முற்றத்தில் பாய் விரித்துக் கொட்டினார். எதை வைப்பது, எதை எரிப்பது என்று முடிவெடுக்க வேண்டும். வாசிப்பு என்னுடையது, தீர்ப்பு மாமாவுடையது.

“அடுத்தத வாசி புள்ள,” என்பார் மாமா, நீதவான் போல.

வீட்டு உறுதிப் பத்திரம் என்றைக்கும் இருக்க வேண்டும். அது அம்மாவின் பெயரில் இருந்தது. எங்களில் வீடு பெண்ணுக்குத்தான் சீதனமாக வரும். கிளினிக் கொப்பி இருக்கட்டும். மீட்டுவிட்ட நகையின் அடகுத் துண்டு அடுப்புக்கு. பிறகு, நூலால் கட்டிய கரண்ட் பில்கள் வந்தன.

“கட்டின பில்லையும் கட்டி வச்சிரிக்கியே அக்கா, அடைகாத்தாக் குஞ்சா பொரிக்கப்போகுது?”

அம்மாவும் சிரித்தார். கடைசி இரண்டு மூன்று பில் போதும், மற்றதை எரி என்றார் மாமா.

பில்லில் இருந்தது அப்பாவின் பெயர். வீட்டுக்குக் கரண்ட் எடுத்தவர் அவர்தான். அந்த வீட்டில் அவருடைய பெயரில் இருந்தது அது ஒன்றுதான். நான் முதலாம் ஆண்டு படிக்கும்போது, சண்டைக் காலத்தில், ஒரு காலை புளியந்தீவுக்கு மேசன் வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. இருக்கிறார் என்றோ இல்லை என்றோ எவரும் சொல்லவில்லை.

மாமா குரலைத் தணித்தார். “பேரையும் மாத்திருவம் அக்கா. ஊர் விதானையாரிட்டச் சொல்லி அத்தானுக்கு மரணச் சேட்டிபிக்கட் எடுத்தா, பில்ல உன்ட பேருக்கு மாத்தித் தருவாங்க.”

அம்மாவின் சிரிப்பு நின்றது. பாயில் கிடந்த பில்களை மடிக்குள் அள்ளிக்கொண்டார்.

“எரிச்சிட்டு, அவர் வந்து கேட்டா என்னத்தடா காட்டுற?”

“வாற ஆளெண்டா வந்திருப்பார்தானே அக்கா.”

அம்மா மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மாமா படலையைச் சாத்திக்கொண்டு போனார்.

அம்மாவின் பயம் எனக்கு நியாயமாகவே பட்டது. அப்பா கணக்கில் கண்டிப்பானவராம். வந்ததும் பில்களைக் கேட்பார், ஒன்று குறைந்தாலும் ஏசுவார். அதனால் அம்மாவின் மடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, கறையான் மண்ணைத் தட்டி, மாதவாரியாக அடுக்கினேன்.

“அதில என்ன பேர் கிடக்கு? வாசி மகள்.”

வாசித்தேன்.

“இதில?”

“எல்லாத்திலயும் ஒரே பேர்தானேம்மா!”

“நீ வாசியன். படிச்ச புள்ளதானே.”

அந்தச் சொல் எனக்குப் போதும். முதலெழுத்தையும் விடாமல், நிறுத்தி நிதானமாக அப்பாவின் பெயரை வாசித்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். என் வாசிப்பில் சொக்கிப்போய்விட்டார் என்று நினைத்து, அடுத்த பில்லை இன்னும் உரக்க வாசித்தேன்.