சந்தனம் பூசிய மெயின் சுவிட்ச்

யுத்தம் முடிந்து, பட்டாளத்துச் சாமான்கள் மலிவாக ஏலத்துக்கு வந்த காலம். மயிலாப்பூரில் கல்யாணங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் ஒருவர் அப்படி ஒரு சின்ன ஜெனரேட்டர் வாங்கி வைத்திருந்தார். சரஸ்வதி பூஜையன்று மழையில் கரண்ட் போனதும், அதை வாடகைக்கு எடுத்துக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தேன். எங்கள் கொலுவுக்கு வருகிறவர்கள் பொம்மைகளை இருட்டிலா பார்ப்பது? உண்மையில், பொம்மைகளைவிட என்னைப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை.

இன்ஜினைக் கொல்லையில் வைத்தேன். புகை வீட்டுக்குள் வரக் கூடாது என்கிற அளவுக்கு விவரம் இருந்தது. விவரம் அதோடு சரி. கடைக்காரர் இரண்டு முறை சொல்லி அனுப்பியிருந்தார்: “மெயினை அணைச்சுட்டுத்தான் வீட்டு ஒயர்ல குடுக்கணும் சார். இல்லேன்னா உங்க கரண்ட் தெருக் கம்பிக்குப் போயிடும்.”

ஆனால் காலையில், சுத்தியலிலிருந்து தையல் மிஷின் வரை பொட்டு வைத்த உற்சாகத்தில், மெயின் சுவிட்சுக்கும் சந்தனம் பூசிப் பூச்சுற்றியவன் நான்.

“ஏன்னா, அதை அணைக்கச் சொன்னாரோன்னோ?” என்றாள் மனைவி.

“பூஜையிலே வெச்சதை நாளைக்குப் புனர்பூஜை ஆகாம எப்படித் தொடறது?”

வருஷம் முழுக்கச் சந்தியாவந்தனத்தை ஏமாற்றியவனுக்கு அன்று பார்த்துப் பக்தி பொங்கியது.

ஒயரைக் கூடத்துப் பிளக்கில் செருகி, கொல்லைக்குப் போய் இன்ஜின் கயிற்றை இழுத்தேன். கொலு பளிச்சென்றது. தெருவில் குழந்தைகள், “கரண்ட் வந்துடுத்து!” என்று கூவின. வாசலை எட்டிப் பார்த்தால், எதிர்வீட்டு பல்புகூட மங்கலாகச் சிவந்திருந்தது. என் இன்ஜினின் வீரியம் தெரு தாண்டியதாக நான் பூரித்த நேரத்தில், மேலிருந்து ஒரு குரல்:

“எவன்டா அது? நிறுத்துடா!”

கம்பத்தில் சாய்த்த மூங்கில் ஏணியின் உச்சியில், கரண்டைச் சரிசெய்ய வந்த லைன்மேன். கம்பியைப் பிடிக்க நீட்டிய கையைக் குழந்தைகளின் கூச்சல் கேட்டு மடக்கியிருந்தார். கைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண்தான்.

விழுந்தடித்து ஓடி இன்ஜினை நிறுத்தினேன். அவர் இறங்கி உள்ளே வந்து, சட்டைப் பையிலிருந்து தெரு லைனின் பீஸ் கட்டையை எடுத்துக் காட்டினார்.

“இன்னா ஐயரே, இத்தப் புடுங்கி ஜோபில வச்சிக்கினுதான் ஏறுனேன். அப்பறம் எங்கேர்ந்து வந்துச்சி கரண்ட்டு?”

மெயின் சுவிட்சைக் காட்டினேன். பூஜை விஷயத்தையும் மென்று விழுங்கிச் சொன்னேன்.

“அதுக்குப் பூ சுத்துனது சரி நைனா. எனக்கும் சுத்தப் பாத்தியே!”

சுவிட்சிலிருந்த பூவை இன்னொரு முறை பார்த்துவிட்டு அவரே தொடர்ந்தார்:

“அணைக்க மனசு வரலியா? ஊட்டு ஒயர்ல உடாதே. இன்ஜின்லேர்ந்து தனியா ஒரு ஒயர் இஸ்து ரெண்டு பல்பு போட்டுக்கோ. சாமியையும் தொட வாணாம், என்னியும் கொல்ல வாணாம்.”

இவ்வளவுதானா! ‘இது ஏன் உங்களுக்குத் தோணலை?’ என்று மனைவி கேட்கவில்லை, பார்த்தாள்.

“நான் ஏறி எறங்குற வரிக்கும் இன்ஜின் கிட்ட போவாதே. ஏணியப் புடிச்சிக்கினு என் கண்ணு முன்னால நில்லு” என்றார் லைன்மேன்.

மழையில் ஏணியைப் பிடித்தபடி நின்றேன். கொலுவுக்கு வந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்துவிட்டுத்தான் பொம்மைகளைப் பார்க்கப் போனார்கள்.

மறு வருஷம் மெயின் சுவிட்சுக்குப் பொட்டு இல்லை. என் இரண்டு கைகளுக்கும் மனைவி சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தாள்.

“நாளைக்குப் புனர்பூஜை ஆற வரைக்கும் இது ரெண்டும் எதையும் தொடப்படாது.”