கதவுக்கு உள்ளே இருந்த பொத்தான்

சிங்காநல்லூர் வீட்டு மாடியறையில் பொம்மை ரயில்பாதை அமைத்திருக்கிறேன். ஆபத்தென்றால் மொத்த மின்சாரத்தையும் நிறுத்த, என் நாற்காலியருகே ஒரு சிவப்புப் பொத்தான்.

அன்று ரயில் ஓடும்போதே கரண்ட் போனது. அப்படியே அறையைப் பூட்டிவிட்டு, மனைவியுடன் பொள்ளாச்சிக் கல்யாணத்துக்குப் பஸ் ஏறினேன். பாதி வழியில்தான் உறைத்தது. கரண்ட் வந்தால் ரயில் தானாக ஓடும். தடம் புரண்டால் ஷார்ட் ஆகும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று, அதில் லேசில் உருகாத தடித்த கம்பியை நான்தான் போட்டிருந்தேன்.

பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் செய்தேன்.

“கரண்ட் அப்பவே வந்துருச்சுங்க. உங்க மாடில ஏதோ கருகற வாசம் வருதுங்க.”

“வெளிய மீட்டர் பெட்டில மெயினை இறக்கிருங்க அக்கா.”

“பிரிட்ஜுல பாலு இருக்குமுங்களே?”

“கெட்டாக் கெடட்டுங்க.”

போனில் ‘டக்’கென்ற சத்தம் கேட்கும்வரை பஸ்ஸில் எழுந்து நின்றிருந்தேன்.

திரும்பி வந்து பார்த்தால், வயர் உருகி, ரயில்பாதைக்கு அடியிலிருந்த பலகை கையகலம் கருகியிருந்தது. சிவப்புப் பொத்தான் பளபளவென்று இருந்தது. நான் நாற்காலியில் இல்லாத நேரத்தைப் பற்றி, அதை வைத்தபோது யோசிக்கவே இல்லை.

இப்போது சரியான ஃபியூஸ் இருக்கிறது. அறைக்கு வெளியே சுவிட்சும் இருக்கிறது. ஆனாலும் எங்கே கிளம்பினாலும் தெருமுனையில் கால் நின்றுவிடுகிறது.

“போயிப் பாத்துப்போட்டு வாங்க,” என்கிறாள் மனைவி. “பஸ்சு போனா அடுத்தது வருமுங்க.”