அண்ணனுக்கு நான் பாதுகாவலியான கதை

அம்மா இறந்து நாலாம் மாதம் அண்ணன் காணாமல் போனார். அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. திருகோணமலை நகரத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கு முப்பத்தெட்டு. சின்ன வயதில் வந்த ஒரு கடும் காய்ச்சலுக்குப் பிறகு அவருடைய உடம்புதான் வளர்ந்தது. மனம் ஏழெட்டு வயதோடு நின்றுவிட்டது. நல்ல உயரம், நல்ல பலம். துறைமுகத்துக்கு வருகிற மாலுமிகள் எல்லாருக்கும் கைகொடுப்பார். யார் "வா" என்றாலும் பின்னால் போய்விடுவார். அம்மா இருந்தவரைக்கும் அவருடைய ஒரு கண் எப்போதும் அண்ணன் மேலேயே இருந்தது.

மூன்று நாள் தேடினேன். மாதா கோயிலில் பூசை முடிவில் சாமியார் அறிவித்தும் பார்த்தார். கடைசியில் மூதூருக்குப் போகிற லோஞ்சுப் படகில் டிக்கெட் கொடுக்கிறவர்தான் சொன்னார்: "டீச்சர், உங்கட அண்ணன் ஒரு கரைவலை முதலாளியோட அங்கால போனவர். இலங்கைத்துறைப் பக்கம் மீன்வாடிக் கொட்டில் போட்டிருக்கிற ஆள்."

மறுநாள் லோஞ்சில் கடலைக் கடந்து, பஸ் ஏறி, மிச்சத்தை மணலில் நடந்து போனேன். வலை இழுக்கிறவர்களின் வரிசையில் கடைசி ஆளாக அண்ணன் நின்றார். தோள் இரண்டும் வெயிலில் உரிந்து சிவந்திருந்தன. என்னைக் கண்டதும் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"தங்கச்சி, எவ்வளவு மீன் எண்டு வந்து பார்!"

முதலாளி மரியாதையாகத்தான் கதைத்தார். "அவர் பெரிய ஆள்தானே. தன்ர விருப்பத்தில வந்தவர். மூண்டு நேரமும் சோறு குடுக்கிறன். கூட்டிக்கொண்டு போறதுக்கு உங்களிட்ட ஏதும் கடதாசி இருக்கோ?"

என்னிடம் ஒன்றும் இல்லை. அண்ணனின் கையைப் பிடித்து, "வீட்ட வாங்கோ அண்ணா, இறால் பொரிச்சுத் தாறன்" என்றேன். உடனே வந்தார். முதலாளிக்குப் பின்னாலும் இப்படித்தானே போயிருப்பார் என்று லோஞ்சில் இருக்கும்போது நினைத்து, கரை சேரும்வரை அவருடைய கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நான் ஒரு பிழை செய்தேன். பள்ளிக்கூடம் போகும்போது அவரை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டினேன். பின்னேரம் வந்து திறந்தால், கதிரையை யன்னலோடு ஒட்டிப் போட்டு, தெருவைப் பார்த்துக்கொண்டு இருப்பார். ஒரு நாளும் கோபித்ததில்லை. "வந்திட்டியா?" என்று மட்டும் கேட்பார்.

தெரிந்த சட்டத்தரணி ஒருவர்தான் வழி சொன்னார். டொக்டரின் அறிக்கையோடு மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டால் என்னைச் சட்டப்படி பாதுகாவலியாக நியமிக்கலாம் என்றார். மனுவை வாசித்தேன். "சித்த சுவாதீனம் அற்றவர்" என்று எழுதியிருந்தது. அந்தச் சொல்லுக்குக் கீழே என் கையெழுத்தை வைக்க இரண்டு நாள் எடுத்தது.

விசாரணையன்று அண்ணன் வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வந்தார். சட்டத்தரணி அறிக்கையை வாசிக்கத் தொடங்கியதும் அண்ணன் எல்லாருக்கும் கேட்கக்கூடியதாக, "தங்கச்சி, என்னைப் பற்றியோ கதைக்கினம்?" என்றார்.

நீதிபதி வாசிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு அவரைக் கிட்டக் கூப்பிட்டார். "ஓம், உங்களைப் பற்றித்தான். இவ ஆர்?"

"என்ர தங்கச்சி. டீச்சர்."

"இவவோட இருக்க உங்களுக்கு விருப்பமோ?"

அண்ணன் யோசித்தார். ஒரு கேள்விக்கு அவர் அவ்வளவு நேரம் யோசித்து நான் பார்த்ததில்லை.

"விருப்பம். ஆனா கதவைப் பூட்டக் கூடாது."

நீதிபதி என்னைப் பார்த்தார். "பூட்டினீங்களோ?"

"ஓம் ஐயா. பயத்தில பூட்டினனான்."

அவர் என்னை ஏசவில்லை. "இனிப் பூட்ட வேண்டாம். பகலில இவரை ஆர் பாத்துக்கொள்ளுவினம் எண்டு முடிவெடுத்துக்கொண்டு வாங்கோ" என்று அடுத்த விசாரணைக்குத் தவணை போட்டார்.

எங்கள் தெருமுனையில் கிண்ணியா ஊர்க்காரர் ஒருவர் கயிறு, தூண்டில் விற்கிற கடை வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இங்க என்னோட இருக்கட்டும் டீச்சர். எனக்கும் கதைக்க ஆள் வேணும்" என்றார். அடுத்த தவணைக்கு அவரே நீதிமன்றத்துக்கு வந்து அதைச் சொன்னார். அன்றே உத்தரவு கிடைத்தது. வீட்டுக்கு வந்து பூட்டைக் கழற்றி அண்ணனின் கையில் கொடுத்தேன். கிணற்றடி வாழைக்குள் வீசிவிட்டு வந்தார்.

வருசத்துக்கு ஒரு தடவை அவர் எப்படி இருக்கிறார் என்று நீதிமன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். அண்ணனுக்கு அது சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற மாதிரி. ஒரு வருசம் வீட்டு மரத்து மாம்பழங்களைப் பையில் போட்டு நீதிபதிக்கென்று கொண்டு வந்துவிட்டார். வழக்குக்காரரிடம் ஒன்றும் வாங்க ஏலாது என்று முகப்பில் இருந்த எழுதுவினைஞர் சிரித்துக்கொண்டே சொன்னார். அண்ணன் கவலைப்படவில்லை. வெளியே வாங்கில் அமர்ந்து காத்திருந்தவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டு போனார். மூலையில் முகம் வாடியிருந்த ஒரு மனிசனுக்கு முன்னால் மட்டும் நின்று, பழத்தைக் கையில் வைத்துவிட்டு, "நீங்கள் தனியவோ வந்தனீங்கள்? உங்களுக்குத் தங்கச்சி இல்லையோ?" என்று கேட்டார்.